விரலில் நிற்கும் மீதி: தாளம் போட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க

இருபதை எட்டால் வகுத்தால் ஈவு இரண்டு, மீதி நான்கு. என் மகன் தொடக்கநிலை 3 படித்தபோது இந்தக் கணக்கைச் சரியாகத்தான் போட்டான். விடையை எழுதிவிட்டு, "அந்த மீதி நாலு எங்கம்மா போகும்?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆதி தாளம் போட்டுக்கிட்டே இருபது வரைக்கும் எண்ணுடா" என்றேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே தொடையில் தட்டி எண்ணினான். ஒரு சுற்றுக்கு எட்டு எண்ணிக்கை. இரண்டு சுற்று முடிந்தது. மூன்றாவது சுற்றில், நடுவிரலை ஊன்றியபோது இருபது வந்தது. கையை எடுக்காமல் அந்த விரலையே பார்த்தான். "இங்கதான் இருக்கு" என்றான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தாளமும் கணக்கும் சேர்ந்தே நடக்கின்றன. இப்போது சனிக்கிழமை காலையில் எதிர்வீட்டுப் பிள்ளைகள் இருவரும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். நான் கணித ஆசிரியை இல்லை. சின்ன வயதில் சில ஆண்டுகள் வாய்ப்பாட்டு கற்றவள், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையைப் பாட்டே தெரியாத அப்பா அம்மாக்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். சுருதி சேராவிட்டால் பரவாயில்லை. எட்டு வரை எண்ணத் தெரிந்தால் இன்றைக்கே தொடங்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசை கேட்டாலே பிள்ளைக்கு மூளை வளரும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பேச்சுக்கு வித்திட்டது 1993இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறு ஆய்வு. மோட்சார்ட் இசையைப் பத்து நிமிடம் கேட்ட கல்லூரி மாணவர்கள் ஒருவகைப் புதிரைச் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலனும் கால் மணி நேரத்துக்குள் கரைந்துபோனது. குழந்தைகளை வைத்து அந்த ஆய்வு நடக்கவே இல்லை. ஆகவே பாட்டைப் போட்டுவிட்டுப் பிள்ளையை உட்கார வைப்பதில் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. தாளம் போடும் கை மட்டும் தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருக்கிறது. அதை வாய்க்குக் கொண்டுவந்து, அப்புறம் தாளுக்குக் கொண்டுவருவதுதான் நம் வேலை.

கை, வாய், பென்சில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளிலும் 1980களிலிருந்து கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் போகிறது. முதலில் கையில் தொடும் பொருள், பிறகு படம், கடைசியில் எண்ணும் குறியும். நம் வீட்டில் தொடும் பொருளுக்குப் பதில் தொடை இருக்கிறது.

முதல் வாரம்: எண்ணவே வேண்டாம்

என்ன தேவை? ஒரு கை, ஒரு தொடை. கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும், சீரான இடைவெளியில் சத்தம் எழுப்பும் மெட்ரோனோம் செயலி ஒன்று. விருப்பமிருந்தால் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு சின்ன ஜால்ரா வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அடுக்குமாடி வீட்டில் ஜால்ரா சத்தம் இரண்டு மாடிக்குக் கேட்கும். தொடையில் தட்டுவதே எல்லோருக்கும் நல்லது.

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 72 என்று வைத்துவிட்டு, சத்தத்தோடு சேர்ந்து தட்டச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு எல்லாம் வேண்டாம். பிள்ளைகளுக்கு வேகமாகத் தட்டுவது எளிது, மெதுவாகத் தட்டுவதுதான் கஷ்டம். பழகிய பிறகு 60க்குக் கொண்டுவாருங்கள். அப்போது ஒரு தட்டு ஒரு விநாடி ஆகிவிடும். இது பின்னால் உதவும்.

ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளி மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கணக்கில் எண்கோடு வரையும்போது 1க்கும் 2க்கும் உள்ள தூரமும் 2க்கும் 3க்கும் உள்ள தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறோமே, அது இதுதான். கை சீராக விழாத பிள்ளையிடம் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒரு வாரத்துக்குப் பதில் மூன்று வாரம் ஆனாலும் சரி.

இரண்டாவது: எட்டை உடைப்பது

இப்போது ஆதி தாளம். ஒரு சுற்றுக்கு எட்டு எண்ணிக்கை. ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் அட்சரம் என்று பெயர். முதலில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று வரிசையாக ஊன்ற வேண்டும். இது நான்கு. இதற்கு லகு என்று பெயர். அடுத்து ஒரு தட்டு, ஒரு வீச்சு. வீச்சு என்றால் உள்ளங்கை மேலே தெரியும்படி கையைத் திருப்புவது. இது இரண்டு, இதற்குத் திருதம் என்று பெயர். இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு. மறுபடி இரண்டு. ஆக 4 + 2 + 2.

இங்கே ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஒரு தப்பு செய்வார்கள். லகுவில் எத்தனை என்று கேட்டால் "மூணு" என்பார்கள். விரலைத்தான் எண்ணுகிறார்கள், தட்டை எண்ணுவதில்லை. உடனே திருத்தாதீர்கள். தட்டும்போது "ஒண்ணு" என்று உரக்கச் சொல்ல வையுங்கள், தானாகப் பிடித்துக்கொள்வார்கள். நாள்காட்டியில் 5ஆம் தேதியிலிருந்து 8ஆம் தேதி வரை எத்தனை நாள் என்று கேட்டால் மூன்று என்று சொல்லும் அதே தடுமாற்றம்தான் இது. வேலிக் கம்பங்களை எண்ணும் கணக்குகளில் பெரிய வகுப்புப் பிள்ளைகளும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். தட்டையும் சேர்த்து எண்ணிப் பழகிய கைக்கு இந்தக் குழப்பம் குறைகிறது.

இன்னொரு இடமும் முக்கியம். எட்டு முடிந்ததும் ஒன்பதாவது தட்டு எங்கே? அது ஒன்பது இல்லை, மறுபடி ஒன்று. அந்த முதல் தட்டு விழும் இடத்தைச் சமம் என்கிறோம். கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு அப்புறம் ஒன்று வருவது போல.

எட்டு கைவந்ததும் லெகோ கட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு குமிழ் உள்ள கட்டை லகு, இரண்டு குமிழ் உள்ளது திருதம், ஒற்றைக் குமிழ் கட்டை அனுதிருதம். அனுதிருதம் என்பது ஒரே ஒரு தட்டு. எட்டுக் குமிழ் கட்டையின் மேல் 4, 2, 2 என்று அடுக்கச் சொல்லுங்கள். சரியாகப் பொருந்தும். தொடக்கநிலை 1இல் 'நம்பர் பாண்ட்' என்று ஓர் எண்ணைப் பிரித்துக் காட்டுவார்களே, அது இப்போது காதிலும் கேட்கிறது.

அப்புறம் மற்ற தாளங்களுக்குப் போகலாம். கர்நாடக இசையில் துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்று ஏழு தாளங்கள். லகு மட்டும் நீளம் மாறும்: திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9 என்று ஐந்து ஜாதி. திருதம் எப்போதும் 2, அனுதிருதம் எப்போதும் 1. ஏழு தாளத்துக்கும் ஐந்து ஜாதி என்றால் 7 × 5, மொத்தம் 35 தாளம். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. பத்துக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் சின்னப் பிள்ளைகளுக்குப் பத்தைவிட முக்கியமான எண் கிடையாது.

சதுஸ்ர ஜாதி மட்டிய தாளம்: லகு, திருதம், லகு. 4 + 2 + 4. மிஸ்ர ஜாதி ஜம்பை தாளம்: லகு, அனுதிருதம், திருதம். 7 + 1 + 2. இரண்டும் பத்து. ஒரு பிள்ளையை மட்டியமும் இன்னொரு பிள்ளையை ஜம்பையும் போடச் சொல்லி, ஒரே நேரத்தில் தொடங்க வையுங்கள். நடுவில் கைகள் வேறு வேறு திசையில் போகும். தட்டு ஓரிடத்தில், வீச்சு ஓரிடத்தில், ஒரே குழப்பமாகத் தெரியும். பத்து முடிந்ததும் இரண்டு கையும் ஒரே தட்டில் வந்து சேரும். எங்கள் வீட்டில் இதை முதல் தடவை செய்தபோது என் மகளும் எதிர்வீட்டுப் பையனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு வேறு கூட்டல்களுக்கு ஒரே விடை வரும் என்பதைத் தாளில் எழுதிக் காட்டினால் அந்தச் சிரிப்பு வராது.

பதினான்குக்கும் இப்படி ஒரு ஜோடி உண்டு: சதுஸ்ர ஜாதி துருவம் 4 + 2 + 4 + 4, கண்ட ஜாதி அட தாளம் 5 + 5 + 2 + 2. பத்து நன்றாக வந்த பிறகு இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: வாய்ப்பாடு வாயில் வரட்டும்

இதற்கு மிருதங்கக்காரர்களின் சொற்கட்டு, அதாவது அவர்கள் வாயால் சொல்லும் தாளச் சொற்கள், இருக்கிறது. மூன்றுக்குத் தகிட. நான்குக்குத் தகதிமி. ஐந்துக்குத் தக தகிட. ஏழுக்குத் தகிட தகதிமி. ஒன்பதுக்குத் தகதிமி தக தகிட. ஐந்து என்பது 2 + 3, ஏழு என்பது 3 + 4, ஒன்பது என்பது 4 + 2 + 3 என்று சொல்லிலேயே உடைந்து நிற்பதைக் கவனியுங்கள்.

நான்காம் வாய்ப்பாட்டுக்குத் தகதிமி சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு 'மி'யிலும் எண்ணை நுழையுங்கள்: தகதி நாலு, தகதி எட்டு, தகதி பன்னிரண்டு. மூன்றாம் வாய்ப்பாட்டுக்குத் தகி மூணு, தகி ஆறு, தகி ஒன்பது. எண்ணின் பெயர் நீளமாக இருந்தாலும் அந்த ஒரு இடத்துக்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். அதுதான் விளையாட்டு. பள்ளியில் 2, 3, 4, 5, 10 வாய்ப்பாடுகள் தொடக்கநிலை 2இல் வந்துவிடுகின்றன. அதற்கு முந்தைய ஆண்டே இதைத் தொடங்கிவிட்டால் பிள்ளைக்குப் பாதி பாரம் குறையும்.

அடுத்து, ஒருவர் தகிட சொல்லட்டும், ஒருவர் தகதிமி சொல்லட்டும். ஒரே வேகம். ஒவ்வொருவரும் தம் 'த'வில் மட்டும் தட்ட வேண்டும். இரண்டு தட்டும் ஒன்றாக விழுவது எப்போது? பன்னிரண்டு எண்ணிக்கைக்கு ஒரு தடவை. நான்கு தகிட, மூன்று தகதிமி. 4 × 3 என்பதும் 3 × 4 என்பதும் ஒன்றே என்பது ஒரு பாடம். மூன்றுக்கும் நான்குக்கும் பொதுவான மடங்குகளில் மிகச் சிறியது 12 என்பது இன்னொரு பாடம். மடங்குகளும் காரணிகளும் தொடக்கநிலை 4இல் வரும்போது இந்தப் பிள்ளைக்கு அவை பழைய நண்பர்கள்.

தாளத்தைக் கேட்க வெளியே தேட வேண்டியதும் இல்லை. நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் மலாய்க் கல்யாணம் நடந்தால் கொம்பாங் என்ற கைப்பறை அடிப்பார்கள். அதில் ஒருவர் அடிக்கும் அடிகளுக்கு நடுவே இன்னொருவர் அடி வந்து உட்காரும், சேர்ந்துதான் முழுத் தாளம். சீனப் புத்தாண்டில் சிங்க நடனத்தின் முரசு. தைப்பூசத்தில் உறுமி. பிள்ளையைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்து, எத்தனைக்கு ஒரு தடவை பெரிய அடி விழுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசை கற்கும் பிள்ளை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஸ ரி க ம ப த நி ஸ், எட்டு ஸ்வரம். முதல் காலத்தில் ஓர் அட்சரத்துக்கு ஒன்று, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. கை வேகம் மாறாது, வாய்தான் இரட்டிக்கும். ஒரு சுற்றில் 8, 16, 32.

நான்காவது: அரை, கால், முக்கால்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பின்னம் இங்கே தொடக்கநிலை 2இலேயே வந்துவிடுகிறது, பல பிள்ளைகள் முதலில் சறுக்குவதும் அங்கேதான். நம் மொழியில் பின்னத்துக்குத் தனிப் பெயர்கள் இருக்கின்றன: கால், அரை, முக்கால், அரைக்கால், வீசம். இங்கே கணக்குப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழ் வகுப்பில் கணக்கு வருவதில்லை. நடுவில் 'முக்கால்' என்ற சொல் பிள்ளைகளின் காதில் விழாமலே போய்விடுகிறது. அதைத் திரும்பக் கொண்டுவர வீடுதான் இடம், தாளம் நல்ல சாக்கு.

முதலில் ஒரு சொடுக்கு. தமிழ் இலக்கணத்தில் ஒலியின் அளவு மாத்திரை. ஒரு மாத்திரை என்பது கண்ணை ஒரு தடவை இமைக்கும் நேரம், அல்லது விரலை ஒரு தடவை சொடுக்கும் நேரம். தொல்காப்பியம் இப்படித்தான் அளக்கிறது. இலக்கண ஆசிரியர்கள் அந்த ஒரு சொடுக்கையும் நான்காகப் பிரித்தார்கள்: சொடுக்க நினைப்பது கால், விரலைக் கட்டைவிரலில் ஊன்றுவது அரை, முறுக்குவது முக்கால், விடுவது ஒன்று. பிள்ளையை மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள். நினை, ஊன்று, முறுக்கு, விடு. கால், அரை, முக்கால், ஒன்று. ஒரு முழுமைக்குள் நான்கு சமபங்கு இருக்கிறது என்பதை இதைவிட அருகில் வைத்துக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. பீட்சா படம் பிறகு வரட்டும்.

அடுத்து, பெயர்க் கணக்கு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. 'அம்மா' எத்தனை மாத்திரை? அ ஒன்று, ம் அரை, மா இரண்டு. மூன்றரை. 'அப்பா'வும் மூன்றரை. 'அக்கா'வும் மூன்றரை. 'பாட்டி'? பா இரண்டு, ட் அரை, டி ஒன்று, அதுவும் மூன்றரை. 'தாத்தா' நான்கரை. 'தம்பி' இரண்டரை. 'அண்ணன்' மூன்று: இரண்டு அரை சேர்ந்து ஒன்றாகும் இடம் இது, கட்டாயம் செய்யுங்கள். பிறகு பிள்ளை தன் பெயரைத் தானே கணக்கிடட்டும். எதிர்வீட்டுப் பையன் வகுப்பு நண்பர்கள் எல்லோருடைய பெயரையும் தமிழில் எழுதிக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தான். சீனப் பெயர், மலாய்ப் பெயர் எல்லாம் இருந்தன. "ஆன்ட்டி, இது ரெண்டேமுக்கால் வருமா?" என்று கேட்டான். மெய்க்கு அரைதான், ஆகவே கால் வர வழியே இல்லை என்பதை நாங்கள் சேர்ந்து கண்டுபிடித்தோம். ('சு', 'டு', 'து' என்று முடியும் சொற்களையும் 'ஐ' வரும் சொற்களையும் முதலில் தவிர்த்துவிடுங்கள். அங்கே ஒலி குறுகும். அது தமிழ் வகுப்பில் பின்னால் வரும்.)

மூன்றாவது, எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். எல்லாப் பாட்டும் சமத்தில் தொடங்குவதில்லை. தாளம் தொடங்கி அரை இடம் தள்ளி, முக்கால் இடம் தள்ளி, ஒன்றரை இடம் தள்ளித் தொடங்கும் பாட்டுகள் உண்டு. பாடகர்கள் 'அரை இடம்', 'ஒன்றரை இடம்' என்றே சொல்வார்கள். பிள்ளையிடம், தட்டு விழுந்து அரை தாண்டி "தா" சொல்லச் சொல்லுங்கள். தட்டுக்கும் சுண்டுவிரலுக்கும் சரியாக நடுவில் வரும். அதற்கு ஒரு வழி: ஓர் அட்சரத்துக்குள் த-க-தி-மி என்று நான்கை அடக்கிச் சொல்லிப் பழகினால், 'தி' வரும் இடம் அரை, 'மி' வரும் இடம் முக்கால். எண்கோட்டில் 0க்கும் 1க்கும் நடுவில் ½ஐக் குறிப்பதும் இதுவும் ஒரே வேலை.

பியானோ கற்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. அவர்களுக்கு ஒரு குறிப்பு. பிரிட்டிஷ் முறைத் தேர்வுக்குப் போகும் பிள்ளை செமிபிரீவ், மினிம், கிராட்செட், குவேவர் என்று படிக்கும். இந்தப் பெயர்களைக் கேட்டால் அளவு தெரியாது. அமெரிக்க முறையில் அதே குறிகளுக்கு முழுக் குறிப்பு, அரைக் குறிப்பு, கால் குறிப்பு, அரைக்கால் குறிப்பு என்று பொருள்படும் பெயர்கள். இரண்டையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். உடனே ஒரு கேள்வி வரும்: "கிராட்செட்டுக்கு ஒரு தட்டு என்று டீச்சர் சொன்னாங்க, நீங்க கால்னு சொல்றீங்க, ஒண்ணா காலா?" நல்ல கேள்வி, தட்டிக்கழிக்காதீர்கள். எதில் கால் என்பதுதான் விஷயம். நான்கு தட்டு கொண்ட செமிபிரீவை முழுமை என்று வைத்தால் கிராட்செட் கால். ஒரு தட்டை முழுமை என்று வைத்தால் அது ஒன்று. பின்னத்தைப் பேசும்போதெல்லாம் எது முழுமை என்று முதலில் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், பிறகு வரும் சொல் கணக்குகளில் பாதிப் பயம் போய்விடும்.

புள்ளி வைத்த குறிகளையும் விடாதீர்கள். புள்ளி வைத்தால் பாதி கூடும். மினிம் இரண்டு தட்டு, புள்ளி வைத்தால் அதில் பாதி ஒன்று சேர்ந்து மூன்று. கிராட்செட் ஒன்று, புள்ளி வைத்தால் ஒன்றரை.

ஐந்தாவது: மீதி

கட்டுரையின் முதலில் சொன்னதுதான். எந்த எண்ணை எட்டால் வகுத்தாலும் மீதி கையில் தெரியும். மீதி 1 என்றால் தட்டு, 2 என்றால் சுண்டுவிரல், 4 என்றால் நடுவிரல், 6 என்றால் முதல் வீச்சு. மீதியே இல்லை என்றால் கடைசி வீச்சோடு சுற்று முடிந்து, அடுத்து சமம்.

எம்ஆர்டி நிலையத்தில் அடுத்த ரயிலுக்கு 3 நிமிடம் என்று காட்டுகிறதா? 60இல் தட்டிப் பழகிய பிள்ளையிடம், "ரயில் வரும்போது உன் கை எங்கே இருக்கும்?" என்று கேளுங்கள். 180 தட்டு. 8 × 22 = 176. மீதி 4, நடுவிரல். ரயில் சரியாக அந்த நொடியில் வராது, ஆனால் பிள்ளை தட்டிக்கொண்டே காத்திருக்கும். ஏழு அட்சரம் உள்ள திஸ்ர ஜாதி திரிபுடையில் (3 + 2 + 2) போட்டால் எங்கே நிற்கும் என்று அடுத்த நாள் கேட்கலாம். 7 × 25 = 175, மீதி 5, முதல் திருதத்தின் வீச்சு.

தொடக்கநிலை 5, 6 பிள்ளைகளுக்கு: எழுபத்திரண்டு ஏன்?

பெரிய பிள்ளைகளுக்குத் தாளம் தட்டுவது சலிக்கும். அவர்களுக்கு மேளகர்த்தாவைக் கொடுங்கள். கர்நாடக இசையில் தாய் ராகங்கள் 72. அந்த எண் எங்கிருந்து வந்தது? ஸ, ப இரண்டும் மாறாதவை. ரி மூன்று வகை, க மூன்று வகை, ம இரண்டு வகை, த மூன்று, நி மூன்று.

3 × 3 × 2 × 3 × 3 என்று பிள்ளை பெருக்கும். 162 வரும். தப்பு. ஏன் என்று கீபோர்டில் காட்டுங்கள். ஸ-வுக்கு அடுத்த நான்கு கட்டைகளில் ரி முதல் மூன்றில் ஒன்று, க கடைசி மூன்றில் ஒன்று. இரண்டும் சில கட்டைகளைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. க எப்போதும் ரி-க்கு மேலே இருக்க வேண்டும். முதல் ரி என்றால் க-வுக்கு மூன்று வாய்ப்பு, இரண்டாம் ரி என்றால் இரண்டு, மூன்றாம் ரி என்றால் ஒன்றே ஒன்று. 3 + 2 + 1 = 6. த, நி ஜோடிக்கும் அதே 6. ம இரண்டு. 6 × 6 × 2 = 72. இந்த 72 கணக்கை வகுத்தவர் 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி.

162இலிருந்து 72க்கு இறங்கி வருவதற்கு அரை மணி நேரம் ஆகட்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

சில சொந்த அனுபவங்கள்

ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிள்ளை கேட்டால் மட்டும் நீட்டுங்கள்.

தாளத்தைத் தேர்வாக்காதீர்கள். ஒரு சமயம் மகளுக்கு வகுப்புத் தேர்வு நெருங்கியபோது, தட்டும்போதெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு வாரம் அவள் கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. கேள்வியை நிறுத்திவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தானாக வந்து சேர்ந்துகொண்டாள்.

நீங்கள் தப்பு செய்தால் பிள்ளை திருத்தட்டும். அதில் அவர்களுக்கு வரும் மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும்.

ஆர்வம் கூடினால் முறையான வகுப்பில் சேர்த்துவிடுங்கள். 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தில் வாய்ப்பாட்டும் மிருதங்கமும் கற்கலாம். வீட்டுக்கு அருகில் உள்ள சமூக மன்றத்திலும் விசாரித்துப் பாருங்கள். வகுப்பில் சேர்த்த பிறகு, அங்கே போய்க் கணக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று ஆசிரியரிடம் கேட்காதீர்கள். அவர்கள் வேலை இசை. கணக்கு நம் வீட்டு வேலை.

ஆறாவது: பதினைந்தைப் பதினாறில் வைப்பது

இதுவரை சொன்னவை எல்லாம் வந்த பிறகு இந்தப் புதிரைக் கொடுங்கள். மிருதங்கக்காரர்கள் ஒரு பகுதியை முடிக்கும்போது ஒரே சொல்லை மூன்று தடவை வாசித்துச் சமத்தில் வந்து இறங்குவார்கள். தீர்மானம் என்று பெயர். ஐந்து எண்ணிக்கை கொண்ட சொல் ஒன்று: த தி கி ண தொம். மூன்று தடவை என்றால் பதினைந்து. ஆதி தாளம் இரண்டு சுற்று, பதினாறு. ஒன்று மிச்சம். எங்கே வைப்பது?

என் மகன் முதலில் ஒரு தட்டு சும்மா விட்டுவிட்டுத் தொடங்கினான். சரியாகச் சமத்தில் இறங்கினான். அது சரியான விடைதான். "சமத்துலயே தொடங்கி, சமத்துலயே முடிக்க முடியுமா? நடுவுல வர்ற ரெண்டு இடைவெளியும் ஒண்ணா இருக்கணும்" என்றேன். ஒன்றை இரண்டு இடைவெளிக்குப் பங்கு போட வேண்டும். அவன் பென்சிலை எடுக்கப் போனான். பக்கத்தில் இருந்த தங்கை, "அரை அரை" என்றாள். அவளுக்கு அது மெய்யெழுத்து.

இரண்டு பேரும் தட்டினார்கள். முதல் தடவை தட்டோடு தட்டாக வந்தது. அரை விட்டு எடுத்த இரண்டாவது தடவை, ஐந்து சொல்லும் தட்டுகளுக்கு நடுவே நடுவே விழுந்தது. அவன் கை தடுமாறியது, அவள் விடாமல் போட்டாள். இன்னோர் அரை விட்டதும், மூன்றாவது தடவையின் 'த' சரியாக நடுவிரலில் வந்து உட்கார்ந்தது. தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. அடுத்த தட்டு சமம். "மறுபடி" என்றான் அவன்.